பெட்டி பிரிக்காத மாரியோ

2021 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. அலுவலகக் கூட்டத்துக்கு மடிக்கணினியைத் திறப்பதற்குள் ஆளாளுக்கு ஒரே செய்தியை எனக்கு அனுப்பியிருந்தார்கள். டல்லாஸில் இருக்கும் ஹெரிடேஜ் ஏல நிறுவனம், ‘சூப்பர் மாரியோ 64’ விளையாட்டின் பிரிக்காத பெட்டி ஒன்றை முந்தைய நாள் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றிருந்தது. நம் கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அங்கே ‘லெஜெண்ட் ஆஃப் செல்டா’ 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போய், உலகிலேயே அதிக விலைக்கு விற்ற வீடியோ கேம் என்று பெயர் வாங்கியிருந்தது. அந்தப் பெயர் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

நான் பழைய வீடியோ கேம் கேசட் சேர்க்கிறவன் என்பது நண்பர்கள் வட்டத்தில் கொஞ்சம் கேலியோடு தெரிந்த விஷயம். “மச்சி, உன் வீட்ல இருக்குல்ல அது? வித்துட்டு ஊருக்கு வந்து சேரு” என்று சென்னையிலிருந்து ஒருவன். காபியைக் கொண்டுவந்து வைத்த என் மனைவி, “ஏங்க, நம்ம ஷெல்ஃப்ல இருக்கறதும் இதுதானே?” என்றாள்.

இதுதான். ஆனால் என்னிடம் இருப்பது பெட்டி இல்லாத வெறும் சாம்பல் நிறக் கேசட். பின்பக்கம் ஏதோ ஒரு பிள்ளை கறுப்பு மார்க்கரில் தன் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கும். அன்றைய நிலவரத்துக்கு நாற்பது டாலர் பெறும். 1996இல் வந்த அந்த விளையாட்டு உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதை அரிய பொருள் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. வாங்கிய ஒருவர் இருபத்தைந்து வருடம் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாரே, அந்த மறதிதான் அரியது. ‘வாட்டா’ என்ற தரச்சான்று நிறுவனம் பெட்டிக்குப் பத்துக்கு 9.8 என்றும், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைக்கு ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்றும் மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் கூட்டுக்குள் வைத்து மூடியிருந்தது. உள்ளே இருக்கிற கேசட் ஓடுமா என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் பதினைந்தரை லட்சம் டாலரைக் கிழிக்க வேண்டும்.

நான் வளர்ந்த வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் நாங்கள் ‘டிவி கேம்’ என்று சொன்னது, நின்டெண்டோவின் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்று பெயர்கள். முழுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் என்று பேரம் பேசி அப்பாவிடம் ஒரு மீடியா பெட்டி வாங்கினேன். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில், கறுப்புக் கண்ணாடிகளும் டார்ச் லைட்டுகளும் தொங்கும் கடைகளுக்கு நடுவே, மஞ்சள் நிறத்தில் கேசட்டுகள் அடுக்கியிருக்கும். ‘64 இன் 1’ என்று போட்டிருப்பதில் நிஜமாகவே நிறைய விளையாட்டு இருக்கும். ‘9999 இன் 1’ என்று போட்டிருப்பதில் பத்தோ பன்னிரண்டோதான். மாரியோவே வேறு வேறு பெயரில் நூறு தடவை வரும். இந்த ரகசியம் தெரு முழுக்கத் தெரியும், ஆனாலும் 9999 வைத்திருப்பவனுக்குத்தான் மரியாதை. கேசட் ஓடவில்லை என்றால் திருப்பி வாயால் ஊதுவோம். அதற்கும் ஓடாவிட்டால் திருப்புளியால் பிரித்துப் பார்ப்போம். உள்ளே கட்டைவிரல் அளவு பச்சைப் பலகை, அதன் நடுவில் கறுப்புப் பிசினால் மூடிய ஒரு சொட்டு. அவ்வளவுதான் மொத்த மாரியோவும். அதை ஒரிஜினலா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஒரிஜினல் என்று ஒன்று எங்கோ இருக்கிறது என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை.

ஒரிஜினலை முதல்முதலாகக் கையில் எடுத்தது நியூ ஜெர்சியில். 2007இல் வேலைக்காக எடிசனுக்குக் குடிபெயர்ந்திருந்தோம். அங்கே கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில் தெருவுக்கு ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, வேண்டாத சாமான்களை விற்பார்கள். பாத்திரம் வாங்கலாம் என்று மனைவி இழுத்துப் போன ஒரு வாசலில், குழந்தை நாற்காலிக்கும் பழைய டோஸ்டருக்கும் இடையே, ஷூ பெட்டி நிறைய நின்டெண்டோ கேசட்டுகள் கிடந்தன. நான் அறிந்த மஞ்சள் கேசட்டைவிடப் பெரியவை, கனமானவை. பக்கவாட்டில் கைப்பிடிக்க வரி வரியாகப் பள்ளம். நிறுவனத்தின் முத்திரை முட்டை வடிவில் அச்சடித்திருந்தது. வீட்டுக்கார அம்மாள் பெட்டியோடு பத்து டாலர் என்றார். மகன் கல்லூரிக்குப் போய்விட்டான், போகும்போது இதையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னான் என்றார். முந்தைய நவம்பரில்தான் நின்டெண்டோவின் புது இயந்திரம் ‘வீ’ வந்திருந்தது. ஊர் முழுக்கப் பழையவற்றைத் தூக்கி எறியும் நேரம். அந்த இரண்டு மூன்று வருடங்களில் நான் வாங்கிய எதற்கும் கேசட்டுக்கு ஐந்து டாலருக்கு மேல் கொடுத்ததாக நினைவில்லை.

அப்படி ஒரு வாசலில் அறிமுகமானவர்தான் மதுரைக்கார அண்ணன். மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரே பெட்டிக்குள் இரண்டு பேரும் கைவிட்டோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க எடுத்துக்கங்க தம்பி, நான் அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிறேன்” என்று தமிழில் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. பெட்டியில் மேலே கிடந்தவை எல்லாம் ஒரு டாலர் சரக்கு. அதை ஒரு பார்வையில் அளந்துவிட்டிருந்தார். அவர் கையில் அப்போதே விலைப்பட்டியல் அச்செடுத்த தாள் இருந்தது.

ஈபேயை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1995இல் பியர் ஒமிடியார் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. வாங்கியவர் உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேர்க்கிறவராம். இந்தக் கதையை அண்ணன் புராணம் போலச் சொல்வார்: “உடைஞ்சதுக்கே ஆள் இருக்கான் தம்பி. நம்ம சரக்கு உடையாதது.” தேடினால் முதலில் கண்ணில் படுவது விற்கிறவர் கேட்கும் விலை, ‘விற்றவை’ என்ற கட்டத்தைச் சொடுக்கினால்தான் கைமாறிய விலை பச்சை எழுத்தில் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் நடத்திய முதல் பாடம். கேட்கும் விலை நூற்றைம்பது, விற்ற விலை எழுபது என்பது சர்வ சாதாரணம். சென்னைப் புறநகரில் மனை வாங்க அலைந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பக்கத்து மனைக்காரர் என்ன கேட்கிறாரோ, அதற்கு மேல் ஐம்பதாயிரம் வைத்து இவர் கேட்பார். பக்கத்து மனை விற்றதா என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

ஏலத்தில் அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்பதை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். அது மறைவாக இருக்கும். அடுத்தவர் கேட்கக் கேட்க நம் சார்பில் தளமே ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே அனுபவசாலிகள் யாரும் முன்னால் போய்க் கேட்பதில்லை. கடைசிச் சில விநாடிவரை காத்திருந்து அடிப்பார்கள். அண்ணன் முப்பது டாலர் என்று போட மாட்டார், 31.57 என்று போடுவார். முப்பது போடுகிறவர்கள் நிறைய, முப்பத்தொன்று போடுகிறவர்களும் உண்டு, அதற்கு மேலே ஐம்பத்தேழு சென்ட் யோசிக்கிறவன் தன்னைப் போல ஒருத்தன்தான் என்பார். விற்கும்போது நூறு டாலருக்குப் பதின்மூன்று டாலர் போலத் தளத்துக்குப் போய்விடும், அஞ்சல் செலவு தனி. இந்தக் கழிவை வாங்குகிறவர் தலையில் கட்டுவதற்காகவே எல்லோரும் கொஞ்சம் ஏற்றிப் போட, அந்தக் கொஞ்சம் அடுத்தவருக்கு அடிப்படை விலையாகிவிடும். தன் பொருளைத் தானே வேறு பெயரில் ஏலம் கேட்பதைத் தளம் தடை செய்திருக்கிறது. தடை செய்ய வேண்டிய அளவுக்கு அது நடக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ‘பிரைஸ்சார்ட்டிங்’ போன்ற தளங்கள் விற்ற விலைகளைத் திரட்டி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் வெறும் கேசட் என்ன விலை, பெட்டியோடு என்ன விலை, பிரிக்காதது என்ன விலை என்று வரைபடம் போட்டுக் காட்ட ஆரம்பித்தன. நல்ல காரியம்தான், ஏமாறாமல் இருக்கலாம். ஆனால் வாசல் விற்பனைகளை அது முடித்து வைத்தது. ஷூ பெட்டியைக் கையில் எடுத்தால், “ஒரு நிமிஷம்” என்று வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்துவிடுவார். பார்ப்பது பெரும்பாலும் கேட்கும் விலையை; அதிலும் பெட்டியோடு இருப்பதன் விலையை. பழுப்பேறிய வெறும் கேசட்டுக்கு அந்த விலையைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தித்தாளில் அவர் படித்தது அப்படி.

படித்தது பெரும்பாலும் ‘ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்’ கதையாக இருக்கும். 2010இல் வட கரோலினாவில் ஒரு பெண் தன் வீட்டு நின்டெண்டோவையும் கேசட்டுகளையும் ஈபேயில் மொத்தமாகப் போட்டார். ஏலம் 13,105 டாலரில் முடிந்தது. காரணம், அந்தக் குவியலில் ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் பெட்டியோடு இருந்தது. அதே மாதம் பிரிக்காத இன்னொன்று 41,300 டாலருக்குப் போனது. 1987இல் பண்டாய் நிறுவனம் தரையில் விரித்து ஓடும் விரிப்பு ஒன்றுக்காக வெளியிட்ட விளையாட்டு அது. அந்த விரிப்பின் உரிமையை நின்டெண்டோ வாங்கி, ‘பவர் பேட்’ என்று பெயர் மாற்றி, விளையாட்டையும் ‘வேர்ல்ட் கிளாஸ் ட்ராக் மீட்’ என்று மாற்றி வெளியிட்டது. பழைய பெயரில் இருந்தவை கடைகளிலிருந்து திரும்பிப் போய்விட, வாடிக்கையாளர் கைக்குப் போனவை 200 போலத்தான் இருக்கும் என்று சேகரிப்பாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். பெயர் மாறிய ட்ராக் மீட்டோ தெருவெல்லாம் கிடைக்கும். ஓடுவது அதே ஓட்டம்தான். ஒன்றுக்கு நாற்பதாயிரம், இன்னொன்றுக்கு நாலு டாலர்.

செய்தி வந்த வாரம் அண்ணன் விடிகாலையில் பழைய சாமான் சந்தையிலிருந்து கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. “தம்பி, விரிப்பு கிடைச்சிருச்சு. ஓடுற விரிப்பு. கேசட்டும் இருக்கு.” மேலே என்ன எழுதியிருக்கிறது என்றேன். சற்று மௌனம். “ட்ராக் மீட்டுன்னு போட்ருக்கு.” அதையும் வாங்கினார். அவருடைய பையன்கள் இரண்டு பேரும் அன்று மாலை அடித்தளத்து அறையில் அதன்மேல் ஏறிக் குதித்தது மேலே சமையலறைவரை கேட்டது. அவர் வாங்கியவற்றிலேயே அதிகம் பயன்பட்டது அந்த நாலு டாலர் கேசட்தான் என்று அண்ணி இன்றும் சொல்வார்.

எனக்கு ஆசை வேறொன்றின் மேல். ‘எர்த்பவுண்ட்’. ஜப்பானில் 1994இல் ‘மதர் 2’ என்று வந்தது. எழுத்தாளரும் விளம்பர வாசகக்காரருமான ஷிகெசாதோ இதோய் உருவாக்கியது. வாளும் டிராகனும் இல்லாமல், பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு பையன் மட்டையோடு வீட்டைவிட்டுக் கிளம்பி ஊர் ஊராகப் போகிற கதை. போகிற வழியில் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினால்தான் அதுவரை ஆடியது சேமிப்பில் ஏறும். அப்பா கடைசிவரை குரலாக மட்டுமே வருவார். அமெரிக்காவில் 1995இல் வெளியிட்டபோது, வழிகாட்டிப் புத்தகத்தையும் உள்ளே வைத்துப் பெரிய பெட்டியாக விற்றார்கள். ‘இந்த விளையாட்டு நாறுகிறது’ என்று, சுரண்டினால் நாற்றம் வரும் அட்டைகளோடு விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரத்தை நம்பியோ என்னவோ, மக்கள் வாங்கவில்லை. பிறகு 1999இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்ற சண்டை விளையாட்டில் அந்தத் தொப்பிப் பையன் நெஸ் ஒரு பாத்திரமாக வந்தான். இவன் யார் என்று லட்சக்கணக்கான பிள்ளைகள் தேடப்போக, சந்தையில் கேசட் இல்லை. விலை ஏறத் தொடங்கியது அப்போது.

நான் அதை முதலில் கணினியில், பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு ஆடினேன். மனைவியும் கைக்குழந்தையும் ஊருக்குப் போயிருந்த குளிர்காலம். தொலைபேசியில் அப்பா வருகிற இடம் ஒவ்வொன்றிலும் எனக்கு என் அப்பாவைக் கூப்பிட வேண்டும் போலிருக்கும். சென்னையில் அப்போது விடிகாலையாக இருக்கும், கூப்பிட்டால் பதறுவார். முடித்த பிறகு கேசட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அது தர்க்கத்தில் சேராத ஆசை. ஆடியாகிவிட்டது, எமுலேட்டரில் ஓசியாகவே ஆடியாகிவிட்டது. 2009இல் வெறும் கேசட் நூறு டாலருக்குப் பக்கம். கொஞ்சம் இறங்கட்டும் என்று விட்டேன். ஏறியது.

2013 ஜூலையில் நின்டெண்டோ எர்த்பவுண்டைத் தன் ‘வீ யூ’ இயந்திரத்துக்கு 9.99 டாலருக்கு வெளியிட்டது. இனி கேசட் விலை விழும் என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னோம். பத்து டாலருக்கு நேர்மையாகக் கிடைப்பதை யார் இருநூறு கொடுத்து வாங்குவார்கள்? விலை அசையவே இல்லை. புதிதாக ஆடியவர்களில் ஒரு பங்கு பேருக்கு என்னைப் போலவே கேசட் ஆசை வந்ததுதான் மிச்சம். விளையாட்டின் விலை வேறு, அந்தப் பொருளின் விலை வேறு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அரிசி கிடைக்காவிட்டால் அரிசி விலை ஏறும், கிடைத்தால் இறங்கும். இங்கே பசிக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. அடுத்தவர் என்ன கொடுத்தார் என்பதைத்தான் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ சாட்சி. 1982இல் அட்டாரி வெளியிட்ட ‘ஈ.டி.’ விளையாட்டு படுதோல்வி. மறு வருடம் விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய் அந்த ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். நசுங்கி, மண்ணேறி, நாற்றமெடுத்த கேசட்டுகள். நகராட்சி அவற்றுக்குச் சான்றிதழ் கொடுத்து ஈபேயில் விற்றது. மொத்தம் 1 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. நல்ல நிலையில் உள்ள ஈ.டி. அன்றைக்கு எந்தக் கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும். அண்ணன் ஒன்றுக்கு ஏலம் கேட்டுத் தோற்றார். “குப்பையில கிடந்ததுக்குப் பேப்பர் இருக்கு, என் சரக்குக்குப் பேப்பர் இல்லையே” என்று ஒரு மாதம் புலம்பினார்.

பேப்பர் வந்தது. 2018இல் வாட்டா தொடங்கியது. 2019 பிப்ரவரியில் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஒன்று 1,00,150 டாலருக்குக் கைமாறியது. தொடக்க காலத்துப் பெட்டி. பிளாஸ்டிக் உறை வருவதற்கு முன்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி மூடியது. வாட்டா கொடுத்த மதிப்பெண் 9.4. சேர்ந்து வாங்கியவர்களில் ஒருவர் ஜிம் ஹால்பெரின், ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஹெரிடேஜ் தரச்சான்று பெற்ற விளையாட்டுகளை ஏலம் விட ஆரம்பித்தது. 2020 ஜூலையில் இன்னொரு மாரியோ 1,14,000. நவம்பரில் ‘மாரியோ 3’ 1,56,000. 2021 ஏப்ரலில் வேறொரு மாரியோ 6,60,000. பிறகு ஜூலையின் அந்த இரண்டு விற்பனைகள். ஆகஸ்டில், பொருளைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் ‘ராலி’ என்ற நிறுவனம், தான் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவாக வாங்கியிருந்த ஒரு மாரியோவை 20 லட்சம் டாலருக்குக் கொடுத்தது. பங்கு வைத்திருந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். அதே ஆகஸ்டில் கார்ல் ஜாப்ஸ்ட் என்ற யூடியூபர், தரச்சான்று கொடுக்கிறவர்களும் ஏலம் விடுகிறவர்களும் கைகோத்து விலையை ஏற்றுகிறார்கள் என்று குற்றம்சாட்டி நீண்ட காணொளி போட்டார். இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. 2022இல் வாட்டா மீது வழக்கும் போடப்பட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் தரம் பார்க்கிறவர், விற்கிறவர், வாங்குகிறவர் மூவரும் ஒரே விருந்துக்குப் போய்வருகிற அளவுக்குச் சிறிய சந்தையில் வருகிற விலையை நான் விலை என்று எடுத்துக்கொள்வதில்லை.

எங்களைப் போன்ற சில்லறை ஆட்களைத் தொட்டது கொரோனாதான். 2020 வசந்தத்தில் எல்லோரும் வீட்டில். அரசாங்கம் தலைக்கு 1,200 டாலர் அனுப்பியது. நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’ இயந்திரம் கடைகளில் தீர்ந்துவிட்டது. பரணில் கிடந்த பழைய பெட்டிகளைக் கீழே இறக்கியவர்கள் தொலைந்துபோன கேசட்டுகளை ஈபேயில் தேடினார்கள். இருபது டாலர் மாரியோ நாற்பது ஆனது அப்போதுதான். அண்ணன் அடித்தளத்து அறையில் இரவு முழுக்கக் கேசட் துடைத்து, அட்டைப்பெட்டி மடித்து, அஞ்சல் நிலையத்துக்கு நடந்தார். ஸ்பிரிட்டில் தோய்த்த காது குடையும் பஞ்சுக்குச்சிதான் அன்று அவருடைய முதல் மூலதனம். சேமிப்பு பேட்டரி செத்துப்போன கேசட்டுகளை 3.8 மில்லிமீட்டர் தனித் திருப்புளியால் திறந்து, பழைய பேட்டரியைப் பிரித்து, புது சிஆர்2032 பற்றவைப்பது என் வேலை. கூலியாக எனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார், எர்த்பவுண்டைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் குடியிருப்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன், பன்னிரண்டு வயது, அப்பாவோடு வந்தான். பிறந்தநாளுக்கு ஓர் ஏலத் தளத்தில் ‘போக்கேமான் எமரால்ட்’ வாங்கியிருந்தார்கள். நூற்றைம்பது டாலரோ என்னவோ. “அங்கிள், இது ஒரிஜினலான்னு பாத்துச் சொல்றீங்களா?” ஒட்டுத்தாளின் எழுத்து சற்றே தடிமனாக இருந்தது. நிஜக் கேசட்டில் ஒட்டுத்தாளின்மேல் ஆலையில் அழுத்திய எண் லேசாகப் பதிந்திருக்கும், இதில் காணவில்லை. மூன்று கவடுள்ள திருகாணியைக் கழற்றித் திறந்தேன். நிறுவனத்தின் பெயர் பொறித்த பலகை இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் பலகை, அதன் நடுவில் கறுப்புப் பிசின் சொட்டு.

பர்மா பஜாரை விட்டு இத்தனை வருடம் கழித்து, இத்தனை ஆயிரம் மைல் தாண்டி, பழைய பள்ளித் தோழனைப் பார்த்ததுபோல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனின் அப்பா சிரிக்கவில்லை. “அமெரிக்காவுல வந்து டூப்ளிகேட்டா?” அவருக்கு ஏமாந்ததைவிட எங்கே ஏமாந்தோம் என்பதுதான் தாங்கவில்லை. அவரும் எங்கள் காலத்து ஆள்தான், சேலம். சின்ன வயதில் என்ன ஆடினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “காண்ட்ரா... 64 இன் 1ல” என்றார். அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

தளத்தில் புகார் செய்தார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கேசட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். அவருக்கு அதன் அடக்கவிலை ஐந்தாறு டாலர் இருக்கும். பையன் அந்தக் கோடை முழுக்க அதிலேயே ஆடி முடித்தான். அவனிடம் பேசிப் பார்த்ததில், ஒரிஜினல் வேண்டும் என்று நச்சரித்தது விளையாடுவதற்காக இல்லை. பள்ளி நண்பன் ஒருவன் தன்னிடம் இருப்பது முந்நூறு டாலராக ஏறும் என்று சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு வயதில் நானும் 9999 இன் 1க்காக ஏங்கியவன்தான். ஆனால் அதை விற்று லாபம் பார்க்கலாம் என்று எங்கள் தெருவில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் விளையாட்டே நடந்திருக்காது.

விலை ஏறியதால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை நிறையத் தப்பின. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது: 2010க்கு முன் அந்நாட்டில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் அன்று கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. அதே வருடம் மார்ச்சில் நின்டெண்டோ தன் ‘வீ யூ’, ‘3டிஎஸ்’ இணையக் கடைகளை மூடியது. மற்ற கதவுகள் எல்லாம் மூடினால் எஞ்சுவது பழைய கேசட்டும் ஏலத் தளமும் திருட்டுப் பிரதியும்தான். இதில் திருட்டுப் பிரதிதான் பெரும்பகுதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆச்சரியம் தராத செய்தி. அக்ரிலிக் கூட்டுக்குள் இருக்கும் பெட்டி யாருக்காகவும் எதையும் காப்பாற்றவில்லை.

2021க்குப் பிறகு பிரிக்காத பெட்டிகளின் விலை இறங்கியது. 2022 பிப்ரவரியில் எர்த்பவுண்ட், ஸ்விட்ச் சந்தா வைத்திருப்பவர்களுக்குத் தனிக் காசில்லாமலே கிடைக்க ஆரம்பித்தது. என் மகள் இரண்டு நாள் ஆடிவிட்டு, “அப்பா, இதுல வர்ற அப்பா ஏன் வீட்டுக்கே வர மாட்டேங்கறார்?” என்று கேட்டாள். கேசட் விலை வழக்கம்போல அசையவில்லை.

ஓஹையோக்காரர் ஒருவர் பெட்டியும் புத்தகமுமாக ஓர் எர்த்பவுண்டை 2021 உச்சத்தில் 1,850 டாலர் என்று ஈபேயில் போட்டார். நான் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறேன். விற்கவில்லை. காலாவதியாகும், மறுபடி போடுவார். சில மாதத்துக்கு ஒருமுறை, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கென்று ஒரு சலுகை விலை எனக்கு வரும்: 1,800, 1,750, 1,690. ஒவ்வொரு தடவையும் இன்னும் இறங்கும் என்று விட்டுவிடுவேன். இந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது 1,425 என்று வந்தது. கைப்பேசியை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதே சலுகை அவருக்கும் வந்திருந்தது.

“நீங்களும் இதைப் பாத்துக்கிட்டு இருக்கீங்களாண்ணே? வாங்கப் போறீங்களா?”

“நான் எதுக்கு வாங்குறேன், எங்கிட்டதான் ஏற்கெனவே ரெண்டு இருக்கே” என்றார். “இந்த ஆளு இப்படியே இறக்கிக்கிட்டே போனா அது ரெண்டும் என்னா விலைக்குப் போகும்? அதான் தம்பி, தினம் ஒரு தடவை பாத்துக்கிறேன்.”